காவலும் காப்பும்: கேமரன் மலைத் தோட்டப் பராமரிப்பாளர்க்கு மனத்திறன் சட்டப் பயிற்சி

முன்னுரை

மலேசியத் தோட்டத் தமிழரைப் பற்றிய ஆய்வுகள் குடிபெயர்வு, கூலி, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி, கோயில் வழிபாடு, வாய்மொழி இலக்கியம் எனப் பல துறைகளில் விரிந்துள்ளன. உழைத்து ஓய்ந்தோரின் முதுமை, அதிலும் நினைவு தளர்ந்து தடுமாறும் முதுமை, அவ்வாய்வுகளில் இடம்பெறுவது அரிதாகவே உள்ளது. அத்தகைய முதியவரை வீட்டினுள் வைத்துப் பூட்டலாமா? அவர் விரும்பாத முதியோர் இல்லத்திற்கு அவரை அனுப்பலாமா? அவருடைய சேமிப்பை எடுப்பதற்குப் பிறர் அவர் கையைப் பிடித்துக் கைநாட்டு வைக்கலாமா? தோட்டக் குடும்பங்களில் நாள்தோறும் எழக்கூடிய இவ்வினாக்கள் அன்பைச் சார்ந்தவை, கடமையைச் சார்ந்தவை என்றே கருதப்படுகின்றன. இவை சட்டத்தையும் சார்ந்தவை என்பதைப் பராமரிப்போருள் பலர் அறியார்.

ஒருவர் தம்மைப் பற்றிய ஒரு முடிவைத் தாமே எடுக்க வல்லவரா என்பதை ‘மனத்திறன்’ என்னும் கருத்தைக் கொண்டு சட்டம் அளக்கிறது. அத்திறன் குறைந்தவர்க்கும் தனிமனிதச் சுதந்திரம் உண்டு. உரிய முறையின்றி அதனைப் பறித்தல் ஆகாது. இவ்விரண்டையும் பராமரிப்பாளர்க்குக் கற்பிக்கும் பயிற்சிகள் சில நாடுகளில் வழக்கிற்கு வந்துவிட்டன. பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டச் சூழலில் அத்தகைய பயிற்சி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. முதியவரிடம் எம்மொழியில், எப்பொழுதில், எவர் வாயிலாக வினவுவது என்பதைக் கற்பிப்பதே அப்பயிற்சியின் உயிர்நாடி என்பதும், சட்டப் பிரிவுகளை மனனம் செய்விப்பது அதற்கு அடுத்த நிலையினதே என்பதும் இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

மலையும் முதுமையும்

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மேட்டுநிலம் பின்னர் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றியது. காட்டை வெட்டிச் சரிவுகளில் தேயிலை நட்டு, கொழுந்து கிள்ளி, ஆலையில் வாட்டி அரைத்த உழைப்பில் தமிழர் பங்கு பெரிது. கையால் கிள்ளிய காலம் போய்க் கத்தரியும், அதன்பின் இருவர் தூக்கிச் செல்லும் இயந்திரமும் வந்தன. இன்று மலைச்சரிவுகளில் கொழுந்தெடுப்போருள் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரே மிகுதி. தமிழ்க் குடும்பங்களின் இளைய தலைமுறையினர் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சென்றுவிட்டனர். லயங்களில் எஞ்சியிருப்போருள் முதியோர் கணிசமானவர் ஆவர்.

லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. குடும்பத்தில் ஒருவரேனும் தோட்டப் பணியில் இருந்தாலன்றி அவ்வீட்டில் நீடிப்பது எளிதன்று. ஆகவே, ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர் ‘எங்கே இருப்பது’ என்பதை எண்ணும்பொழுது, தம் விருப்பத்தை மட்டும் எண்ணுவதில்லை; மருமகளின் வேலை, வீட்டின் நிலை, நகரத்து மகனின் வசதி ஆகிய அனைத்தும் அம்முடிவில் கலந்துவிடுகின்றன. தொழிலாளர் வீட்டுவசதியின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் உழைப்போர்க்கு வீட்டையும் அவர்தம் குழந்தைகளுக்குக் காப்பகத்தையும் பற்றிப் பேசுகிறது. தோட்டத்தில் ஆயாக்கொட்டகை உண்டு. உழைத்து ஓய்ந்த தாத்தா, பாட்டிக்கென்று ஒரு கொட்டகையை எவரும் நினைத்ததில்லை.

இந்நிலையில் ‘பராமரிப்பாளர்’ என்னும் சொல் யாரைக் குறிக்கும் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். மேலைநாட்டுப் பயிற்சி நூல்கள் சம்பளம் பெறும் இல்லப் பணியாளரையே பெரிதும் மனத்திற்கொள்கின்றன. கேமரன் மலையில் அச்சொல் மருமகளையும், பகலில் எட்டிப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும், ஓய்வுபெற்ற ஆயாவையும், தோட்ட மருந்தகத்து டிரஸ்ஸரையும், தானா ராத்தா மருத்துவமனைத் தாதியரையும் ஒருசேரக் குறிக்கும். மலையை விட்டிறங்கினால் தாப்பா, ஈப்போ பகுதிகளிலுள்ள முதியோர் இல்லப் பணியாளரும் இவர்களோடு சேர்வர். அவ்வில்லங்களில் பணிபுரியும் அயல்நாட்டவர் பலர்க்குத் தமிழ் தெரியாது.

இன்னொன்றையும் ஈண்டு நேர்மையோடு கூறுதல் வேண்டும். கேமரன் மலையில் கதவைப் பூட்டுவோர் கொடியவர் அல்லர். விடியற்காலைக் குளிர், கண்மறைக்கும் மூடுபனி, வீட்டு வாசலுக்கு அப்பால் தொடங்கும் சரிவு, மழைக்காலத்து மண்சரிவு, லாரிகள் திரும்பும் குறுகிய வளைவுகள் ஆகிய இத்தனைக்கும் நடுவே நினைவு தடுமாறிய ஒருவர் தனியே வெளியேறினால் உயிருக்கே ஆபத்து நேரும். எட்டு மணிநேரம் வேலைக்காட்டில் நிற்க வேண்டிய மருமகள் வேறென்ன செய்வாள்? பயிற்சி அளிக்க வருவோர் இவ்வினாவை எதிர்கொள்ளாமல் சட்டத்தை மட்டும் ஓதினால், கேட்போர் தலையசைத்துவிட்டு வீடு சென்று பூட்டைத்தான் தேடுவர்.

சட்டம் கூறுவது

மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, சட்டத்திற்கு இணங்கவன்றி எவருடைய உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் பறித்தலாகாது என்கிறது. நோயாளி, முதியவர், நினைவிழந்தவர் என்னும் விலக்கு எதுவும் அதில் இல்லை. தண்டனைச் சட்டத்தின் 340ஆவது பிரிவு, ஒருவரைக் குறித்த எல்லையைத் தாண்டிச் செல்ல இயலாதவாறு முறைகேடாக அடைத்துவைத்தலைக் குற்றமென வரையறுக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழி வந்த பிரிவு இது. அடைப்பவர் மகனாயினும் மருமகளாயினும், செயலின் இயல்பு மாறுவதில்லை. எனினும், ஒவ்வொரு பூட்டுக்குப் பின்னும் வழக்கு வரும் என்று பராமரிப்பாளரை அச்சுறுத்துவது பயிற்சியாகாது. சட்டம் எத்திசையில் நிற்கிறது என்பதை அவர்கள் அறிந்தால் போதும்.

மனநலத்தைப் பொறுத்தவரை 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டமே முதன்மையானது. 615ஆவது சட்டம் எனப்படும் இது, 1952ஆம் ஆண்டு மனக்கோளாறுகள் சட்டத்தையும் சபா, சரவாக் மாநிலங்களின் பழைய சட்டங்களையும் நீக்கி எழுந்தது. ஆயினும், ஒழுங்குவிதிகளோடு அது நடைமுறைக்கு வந்தது 2010ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில்தான். ‘மனக்கோளாறு’ என்பதற்கு இச்சட்டம் தரும் வரையறை விரிவானது. எவ்வாறு ஏற்பட்டதாயினும் மனத்தைச் சார்ந்த எந்தக் குறைபாட்டையும் அது தழுவி நிற்பதால், முதுமை மறதிநோயும் அதனுள் அடங்கும்.

அச்சட்டத்தின் 10ஆவது பிரிவு பராமரிப்பாளர் அறிய வேண்டிய ஒன்று. ஒருவரை அவர் இசைவின்றி மனநல மருத்துவமனையில் சேர்க்க உறவினர் ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவர் ஒருவரின் பரிந்துரையும் வேண்டும். அம்மருத்துவர் நோயாளியை நேரில் ஆய்ந்த நாள், சேர்க்கும் நாளுக்கு ஐந்து நாளுக்கு மேல் முந்தியதாக இருத்தலாகாது. சேர்க்கப்பட்ட 24 மணிநேரத்திற்குள் மறுபடியும் ஆய்வு நிகழ வேண்டும். அதன்பின்னும் தடுத்துவைக்கக்கூடிய காலம் முதற்கண் ஒரு மாதத்தைத் தாண்டலாகாது. கட்டிவைத்தலுக்கும் தனியறையில் அடைத்தலுக்கும் ஒழுங்குவிதிகள் வரம்பு கட்டியுள்ளன. சுருங்கக் கூறின், மருத்துவமனைக் கதவு ஒன்றை மூடுவதற்குக் கையொப்பங்களும் நாள் கணக்கும் வேண்டும். லயத்து வீட்டுக் கதவை மூட ஒரு பூட்டும் சாவியும் போதும். சட்டத்தின் பார்வை படும் இடத்திற்கும் படாத இடத்திற்கும் உள்ள இவ்வேறுபாடே பயிற்சியின் தேவையை உணர்த்துகிறது.

77ஆவது பிரிவு இசைவைப் பற்றியது. அறுவை சிகிச்சை, மின்னதிர்வுச் சிகிச்சை போன்றவற்றுக்கு நோயாளி இசைவளிக்க வல்லவரா என்பதை மனநல மருத்துவர் மதிப்பிடும்பொழுது நோக்க வேண்டியவற்றை அது கூறுகிறது. தம் நோய்நிலை, சிகிச்சையின் இயல்பும் நோக்கமும், அதனால் நேரக்கூடிய இடர்கள், சிகிச்சை பெறாவிடின் நேரக்கூடிய இடர்கள் ஆகியவற்றை அவர் விளங்கிக்கொள்கிறாரா என்பதே அங்கு வினா. நோயின் பெயரைப் பற்றிய வினா அன்று அது, விளங்கிக்கொள்ளுதலைப் பற்றியது. மலேசியச் சட்டத்தில் மனத்திறன் என்னும் கருத்து தெளிவாக வெளிப்படும் இடங்களுள் இஃது ஒன்று எனலாம்.

ஒருவர் தம்மையும் தம் உடைமைகளையும் பேண வல்லவர் அல்லர் என்று ஐயம் எழுமாயின், உயர்நீதிமன்றத்தின் விசாரணை வழியாக அவருடைய நலனுக்கோ உடைமைக்கோ பொறுப்பாளரை அமர்த்தும் முறையும் அச்சட்டத்திலேயே உண்டு. சில ஆயிரம் வெள்ளிச் சேமிப்புடைய தோட்டக் குடும்பம் உயர்நீதிமன்றம் வரை செல்லும் என எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. சிங்கப்பூர் 2008இல் மனத்திறன் சட்டம் இயற்றி, 2010 முதல் அதனை நடைமுறைப்படுத்தியுள்ளது. அங்கு ஒருவர் தம் அறிவு தெளிவாக இருக்கும்பொழுதே, பின்னாளில் தமக்காக முடிவெடுக்க வேண்டியவரைப் பத்திரத்தில் குறித்து வைக்கலாம். மலேசியாவில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. முதியோர் இல்லங்களைப் பதிவுசெய்யும் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டம் நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்கும் உறைவிடங்களை ஆள்கிறது. அங்கு வாழ்வோர் வெளியே செல்ல விரும்பினால் என்ன செய்வது என்பதைப் பணியாளர்க்குக் கற்பிக்க வேண்டிய பொறுப்பு இல்ல நடத்துநரின் மனச்சான்றையே பெரிதும் நம்பி நிற்கிறது.

ஏர்வாடியும் இங்கிலாந்தும்

அன்போடு கட்டிய கயிறும் கயிறுதான் என்பதற்குத் தமிழுலகம் மறக்கலாகாத சான்று ஏர்வாடி. தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், தர்காவின் அருள் வேண்டி மனநோயாளிகளைக் குடும்பத்தினர் கொண்டுவந்து விடும் அவ்வூரில், தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் விடியலில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்ப இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்குச் சேர்த்தோருள் பலர் பெற்றோரும் உடன்பிறந்தோருமே. உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என 95ஆவது பிரிவில் தடைசெய்ததோடு, ஒவ்வொருவர்க்கும் தம் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் திறன் உண்டு என்னும் எண்ணத்திலிருந்தே தொடங்குகிறது.

இங்கிலாந்தின் நிகழ்வு இதனினும் நுட்பமானது. தீயில்லை, சங்கிலியில்லை. பேச இயலாத, ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடுடைய ஒருவர் 1997இல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் எதிர்ப்புக் காட்டாமையால், முறையான தடுப்பாணை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. அவரைப் பராமரித்து வந்த குடும்பத்தினர் வீட்டுக்கு அழைத்துச்செல்ல விரும்பியபொழுது, அதற்கு இசைவு கிடைக்கவில்லை. எதிர்க்காமல் இருப்பது இசைவாகுமா என்பதே வழக்கின் மையம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004இல் அவருடைய சுதந்திரம் முறையின்றிப் பறிக்கப்பட்டது எனத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு சுட்டிய இடைவெளியை அடைக்க எழுந்த காப்புவிதிகள் 2009இல் நடைமுறைக்கு வந்தன. 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், ஒருவர் இடையறாத மேற்பார்வையிலும் கட்டுப்பாட்டிலும் இருந்து, வெளியேறிச் செல்லும் உரிமையும் இல்லாதிருப்பின், அவர் மகிழ்வோடு இருப்பினும் அது சுதந்திரப் பறிப்பே என வரையறுத்தது.

எதிர்க்காமை இசைவன்று என்னும் கருத்து தோட்ட முதியவர்க்கு மிகவும் பொருந்தும். கங்காணிக்கும் மண்டோருக்கும் கிராணிக்கும் துரைக்கும் ‘சரிங்க’ என்று கூறியே வாழ்நாளைக் கழித்தவர்கள் அவர்கள். வெள்ளுடை அணிந்த ஒருவர் தாளை நீட்டினால், என்னவென்று கேளாமலேயே கட்டைவிரலை நீட்டுவது பழகிப்போன ஒன்று. அந்தப் பணிவைத் தெளிவெனக் கொள்வதும் தவறு. இசைவெனக் கொள்வதும் தவறு.

இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின் ஐந்து கோட்பாடுகளுள் பயிற்சிக்கு மிகவும் பயன்படுவது இரண்டாவதாகும். ஒருவர் தாமே முடிவெடுக்க உதவும் எல்லா வழிகளையும் முயன்று பார்க்காமல் அவரைத் திறனற்றவர் எனக் கொள்ளலாகாது என்பது அது. பிற கோட்பாடுகள் யாவை எனின், திறன் உண்டு என்னும் கொள்கையோடு தொடங்குதல், அறிவுக்கு ஒவ்வாத முடிவை எடுத்தார் என்பதாலேயே திறனற்றவர் எனக் கொள்ளாமை, திறனற்றவர்க்காக எடுக்கும் முடிவு அவர் நலனுக்கு உகந்ததாக இருத்தல், அம்முடிவு அவர் உரிமையைக் கூடியவரை குறைவாகக் கட்டுப்படுத்துவதாக இருத்தல் என்பனவாம். செய்தியை விளங்கிக்கொள்ளல், அதனை நினைவில் கொள்ளல், எடைபோடல், முடிவை வெளிப்படுத்தல் ஆகிய நான்கையும் ஒரு குறிப்பிட்ட முடிவைப் பொறுத்து, ஒரு குறிப்பிட்ட நேரத்தில் நோக்க வேண்டும். காலையில் தேநீர்க்குச் சர்க்கரை வேண்டுமா எனத் தெளிவாகக் கூறுபவர் சேமநிதிப் பணத்தைப் பற்றி முடிவெடுக்க இயலாதவராக இருக்கலாம்; பணக்கணக்கில் தடுமாறுபவர், தாம் எவரோடு வாழ வேண்டும் என்பதில் ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாக இருக்கலாம்.

சொல்லும் சிந்தனையும்

பயிற்சியைத் தமிழில் நடத்த முற்படுவோர் முதலில் தடுக்கி விழும் இடம் கலைச்சொல். தமிழில் இப்பொருள் பற்றிய பழஞ்சொற்கள் ஒருவரின் முழு நிலையைக் குறிப்பனவே அன்றி, ஒரு முடிவைப் பொறுத்த திறனைக் குறிப்பன அல்ல. பைத்தியம், பித்து, புத்தி பேதலித்தவர், மூளை குழம்பியவர் என வழங்கும் சொற்கள் யாவும் மனிதரை இரு கூறாக்குகின்றன. உயில்களிலும் பத்திரங்களிலும் பயிலும் ‘பூரண சித்த சுவாதீனம்’ என்னும் தொடரும் அத்தகையதே. முழுமையாக உண்டு அல்லது இல்லை என்பதே அதன் உட்கிடை. யாழ்ப்பாணத்தார் முதுமைத் தடுமாற்றத்தை ‘அறளை பெயர்தல்’ என்பர். அதில் ஏளனம் குறைவு, எனினும் பெயர்ந்தது மீளாது என்னும் எண்ணம் உண்டு. மலேசியத் தமிழரிடையே ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்னும் ஊர்ப்பெயரே வசையாகிப் போனது. 1911இல் அங்குத் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை இன்று உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை எனப் பெயர் மாறி இயங்குகிறது. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. வசை மட்டும் மாறவில்லை. இவ்வசைக்கு அஞ்சியே பல குடும்பங்கள் மருத்துவரை நாடாமல் கதவை நாடுகின்றன எனக் கருத இடமுண்டு.

‘தகுதி’ என்னும் சொல்லைச் சிலர் பயன்படுத்துவர். அது மதிப்பைச் சுட்டுவதால், ‘தகுதியற்றவர்’ என்றவுடன் கேட்போர் மனத்தில் இழிவு தோன்றிவிடுகிறது. ‘முடிவெடுக்கும் திறன்’ என்பதே பேச்சுப் பயிற்சிக்கு ஏற்றது. எழுத்தில் சுருக்கமாக ‘மனத்திறன்’ எனலாம். திறன் கூடும், குறையும், பழகினால் வளரும், களைப்பில் தளரும் என்பதைத் தமிழறிந்த எவரும் உடனே உணர்வர்.

‘காவல்’ என்னும் சொல் இன்னும் சுவையானது. காத்தலும் காவல், சிறைவைத்தலும் காவல். காப்பு, காவல், காப்பகம் எனக் ‘கா’ என்னும் ஒரே வேரில் தளிர்த்த சொற்களில் அரணும் அடைப்பும் பிரிக்கவொண்ணாமல் கலந்துள்ளன. இது தமிழின் குறையன்று; பராமரிப்பின் இயல்பையே மொழி காட்டி நிற்கிறது. பயிற்சி வகுப்பின் முதல் அரைமணி நேரத்தை இந்த ஒரு சொல்லைப் பற்றிப் பேசுவதிலேயே கழிக்கலாம். “நீங்கள் பாட்டிக்குச் செய்வது எந்தக் காவல்?” என்னும் வினா, சட்டப்பிரிவு எண்கள் செய்யாததைச் செய்யும்.

பெரட்டுக்குப் புறப்படும் மூதாட்டி

பயிற்சியின் நடைமுறையை விளக்க ஒரு கற்பனை நிகழ்வை அமைத்துக்கொள்வோம். எழுபது வயது கடந்த மூதாட்டி ஒருவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்தவர். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, ‘பெரட்டுக்கு நேரமாச்சு’ என்று கதவைத் திறந்து வெளியேறுகிறார். மருமகள் வெளியிலிருந்து பூட்டுகிறாள். உள்ளிருந்து கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கிய நிலையில் மூதாட்டி தோட்ட மருந்தகத்திற்கு வருகிறார். ஈப்போவிலுள்ள மகன், அவரை அங்குள்ள இல்லமொன்றில் சேர்க்க விரும்புகிறார்.

பயிற்சி பெறாதவர் கேட்கும் முதல் வினா, ‘இவருக்கு மூளை சரியாக இருக்கிறதா?’ என்பது. பயிற்சி பெற்றவர் கேட்க வேண்டியது, ‘இப்பொழுது எடுக்க வேண்டிய முடிவு எது?’ என்பது. இங்கு முடிவுகள் இரண்டு உள்ளன. விடியலில் தனியே வெளியே செல்வது ஒன்று. இல்லத்தில் சேர்வது மற்றொன்று. மூடுபனியிலும் சரிவிலும் உள்ள இடரை அந்நேரத்தில் அவர் எடைபோட இயலாதவராக இருக்கலாம். அதனாலேயே இல்லத்தைப் பற்றிக் கருத்துக் கூறவும் இயலாதவர் எனல் பொருந்தாது. அதனைப் பகலில், உணவு உண்டபின், தெளிந்திருக்கும் வேளையில் தனியே வினவ வேண்டும். மாலை மங்கும் நேரத்தில் மறதிநோயாளிகளின் தடுமாற்றம் மிகுவது மருத்துவர் அறிந்ததே.

அடுத்தது மொழி. மருத்துவர் மலாய் மொழியில் வினவ, மகன் மொழிபெயர்க்கிறார் எனக் கொள்வோம். இரண்டு மூன்று வினாக்களுக்குப் பின் மகன் தாயைக் கேளாமல் தாமே விடைகூறத் தொடங்குவது இயல்பு. இல்லத்தில் சேர்க்க விரும்புபவரும் அவரே. தாயின் சொல்லை எடுத்துரைப்பவரும் அவரே. இவ்விரு பொறுப்பும் ஒருவரிடம் சேர்தல் ஆகாது என்பது பயிற்சியில் வற்புறுத்தப்பட வேண்டிய விதி. தொடர்பில்லாத தமிழறிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். வினாவும் அவர் பழகிய பேச்சில் அமைய வேண்டும். “பாட்டி, ஈப்போவுக்குப் போனா அங்க யாரு இருப்பாங்க? இங்கயே இருந்தா பகல்ல யாரு பாத்துக்குவாங்க?” எனக் கேட்பது ஒரு முறை. ‘இடமாற்றத்தின் சாதக பாதகங்களை அறிவீர்களா?’ என்பது வேறொரு முறை. இரண்டாவதற்கு அவர் விழிப்பாராயின், அது வினவியவரின் திறனின்மையே.

நினைவாற்றலை அளக்கும் தேர்வுகளைப் பற்றியும் ஒரு சொல். 1975இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்டு உலகெங்கும் பரவிய சிறு மனநிலைத் தேர்வு, இன்று என்ன பருவம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க, ஒரு வாக்கியம் எழுதுக என்றெல்லாம் கேட்கிறது. நான்கு பருவமில்லாத நாட்டில், பள்ளி வாசலை மிதிக்காத ஒருவரிடம் இவற்றைக் கேட்டுப் பெறும் மதிப்பெண் எதனை அளக்கும்? அதே மூதாட்டி, எத்தனை கிலோ கொழுந்துக்கு எவ்வளவு காசு என்பதை மனக்கணக்காகக் கூறக்கூடும். தேர்வுகள் பயனற்றவை என்பது கருத்தன்று. மதிப்பெண் நோயை நாடி மருத்துவரைச் செலுத்தும். முடிவெடுக்கும் திறனை அது தீர்த்துவைக்காது.

இனிப் பூட்டு. முதற்கண், அவர் வெளியேறுவதன் பொருளை நோக்க வேண்டும். அது நோக்கமற்ற அலைச்சலன்று. முப்பதாண்டுப் பழக்கம் உடலை எழுப்பி நடத்துகிறது. எனவே ஐந்து மணிக்கு அவரோடு ஒருவர் எழுந்து, தேநீர் கொடுத்து, வாசலில் பத்து நிமிடம் உடன் நடந்து திரும்பினால், உடல் அடங்கிவிடுதல் கூடும். கதவில் மணி கட்டலாம். வாசலுக்கும் சரிவுக்கும் இடையே வேலி அமைக்கலாம். பகலில் லயத்து முதியோர் இருவர் மூவரை ஒரே வீட்டில் அமர்த்தி, ஓய்வுபெற்ற ஆயா ஒருவரைப் பார்த்துக்கொள்ளச் செய்யலாம். இவற்றையெல்லாம் முயன்றபின்னும் சில வேளை கதவைத் தாழிட நேருமாயின், எவ்வளவு நேரம், எதற்காக, எவர் அறிய என்பதைக் குறித்துவைத்து, டிரஸ்ஸரோ தாதியோ வாரந்தோறும் பார்க்க வேண்டும். தீ நேர்ந்தால் திறப்பவர் எவர் என்பதும் அக்குறிப்பில் இருத்தல் வேண்டும். ஏர்வாடிக்குப் பின் அதனைக் கேளாதிருத்தல் மன்னிக்க இயலாதது.

பூட்டைப் போலவே பராமரிப்பாளர் கண்ணுக்குத் தெரியாத பூட்டுகளும் உண்டு. மருத்துவர் கூறியதற்கு மேல் கொடுக்கும் தூக்க மாத்திரை, எழ முடியாத ஆழமான நாற்காலி, எடுத்து ஒளித்துவைத்த கண்ணாடியும் செருப்பும், பறித்துக்கொண்ட அடையாள அட்டை ஆகியவை கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஒருவரை அடைப்பன. பயிற்சி வகுப்பில் இவற்றைப் பங்கேற்போரே பட்டியலிடச் செய்தல் நன்று. வகுப்பாசிரியர் எண்ணாத இரண்டொன்று அப்பட்டியலில் கட்டாயம் வந்துசேரும்.

2023ஆம் ஆண்டில் தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கொண்ட 309ஆவது பிரிவு தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டபொழுது மனநலச் சட்டமும் திருத்தப்பட்டது. நெருக்கடியில் தலையிட்டு ஒருவரைப் பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் அதிகாரம் காவல்துறை, சமூகநலத்துறை ஆகியவற்றோடு தீயணைப்பு மீட்புத்துறை போன்றவற்றின் அலுவலர்க்கும் விரிந்தது. தோட்டத்து வாசலில் வந்து நிற்கும் சீருடையினர் இனி இன்னும் பல வகையினராவர். அவர்களுள் தமிழில் இரண்டு வாக்கியம் பேசக்கூடியவர் எத்தனை பேர் இருப்பர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தமிழாசிரியரின் பங்கு

இப்பயிற்சியில் தமிழாசிரியர்க்கு என்ன வேலை எனச் சிலர் வினவக்கூடும். சட்டமும் படிவங்களும் மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. அவற்றைத் தோட்ட மக்களின் பேச்சுக்குக் கொண்டுவருவதற்கு அகராதி போதாது. இசைவு, இடர், உரிமை, நலன் ஆகிய சொற்களைக் கூறும்பொழுது எதிரே இருப்பவர் எதனை விளங்கிக்கொள்கிறார் என்பதை அறிந்தவர் வேண்டும். அவ்வறிவு வகுப்பறையில் நாள்தோறும் பயன்படுவது. ரிங்லெட், தானா ராத்தா ஆகிய ஊர்களின் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தம் மாணவர் வாயிலாக எந்த வீட்டில் எந்தப் பாட்டி இருக்கிறார் என்பதை அறிந்தவர்கள். மருந்தகத்தில் மதிப்பீடு நிகழும்பொழுது, உறவினரல்லாத மொழிபெயர்ப்பாளராக அமரக்கூடியவர்களும் அவர்களே. அதற்கு அவர்கட்கும் பயிற்சி வேண்டும்: கேட்டதை மட்டும் கூறுதல், விடையைத் திருத்தாமை, அமைதியையும் அமைதியாகவே எடுத்துரைத்தல், அறிந்த செய்தியை வெளியே பேசாமை.

பல்கலைக்கழகத் துறைகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கேமரன் மலை முதியோரின் பேச்சில் நோய், வலி, விருப்பம், மறுப்பு ஆகியவற்றைக் குறிக்க வழங்கும் சொற்களையும் தொடர்களையும் திரட்டலாம். ‘வேணாம்’ என்று வெளிப்படையாகக் கூறாமல் தோட்டத்து மூதாட்டி எவ்வெவ்வாறெல்லாம் மறுக்கிறார் என்பதே தனி ஆய்வுக்குரியது. ‘பாத்துக்கலாம்’, ‘ஒங்க இஷ்டம்’, ‘நான் என்னத்த சொல்ல’ என்னும் தொடர்களைத் தாளில் இசைவெனப் பதிவது எளிது. அவற்றுள் எது இசைவு, எது மறுப்பு என்பதைத் தமிழறியாத தாதி ஒருவர் பக்கத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ளத்தக்க சிறு கையேடொன்று, மலாய் விளக்கத்தோடு, இரண்டு பருவக் களப்பணியில் உருவாகக்கூடும்.